முதலுக்கு வட்டி போட்டாயிற்றா?

அன்புள்ள சிறு பங்குதாரர்களே,

2020 மார்ச்சில் நாட்டில் டீமேட் கணக்குகள் ஏறத்தாழ 4 கோடி. 2024 மார்ச்சில் அவை 15 கோடியைத் தாண்டிவிட்டன. உங்களில் பெரும்பாலோர் அந்த நான்கு ஆண்டுகளிலோ அதற்குப் பிறகோ சந்தைக்கு வந்தவர்கள் என்று வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். காலாண்டு முடிவுகள் வெளியாகும் வாரங்களில் உங்கள் கைப்பேசிக்கு வரும் செய்திகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. நிகர லாபம் இத்தனை சதவீதம் உயர்ந்தது, பங்கு ஒன்றுக்கான லாபம் இவ்வளவு, ஈபிட்டா எதிர்பார்ப்பை மிஞ்சியது. இவை பெரும்பாலும் உண்மையான எண்களே. ஆனால் இந்த லாபத்தைச் சம்பாதிக்க எவ்வளவு முதல் உள்ளே போனது, அந்த முதலுக்கு உரிய வட்டியைக் கழித்த பிறகும் ஏதாவது மிஞ்சுகிறதா என்று அந்தச் செய்திகள் கேட்பதே இல்லை. ஒரு நிறுவனம் எப்படி நடக்கிறது என்று சொல்ல ஒரு வரிசை எண்கள் இருக்கின்றன, அது என்ன பெறும் என்று சொல்ல இன்னொரு வரிசை. இரண்டையும் இணைக்கும் கண்ணி இந்த வட்டிக் கேள்விதான் என்று நான் நினைக்கிறேன்.

இது ஏதோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து இறங்கிய சரக்கு என்று எண்ண வேண்டாம். மதுரை கீழமாசி வீதியில் மூன்று பேர் கூட்டுச் சேர்ந்து மொத்த வியாபாரம் செய்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் 40 லட்சம் போட்டிருக்கிறார், இன்னொருவர் 10 லட்சம். மூன்றாமவர் காசு போடவில்லை, கடையில் நின்று உழைக்கிறார். வருட முடிவில் ஆடிட்டர் கணக்கை முடிக்கும்போது, கூட்டு ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறபடி அவரவர் முதலுக்கு முதலில் வட்டியைப் போடுவார், உழைப்பவருக்குச் சம்பளத்தை எழுதுவார், அதற்கும் பிறகு நிற்பதைத்தான் லாபம் என்று பிரிப்பார். 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 40பி பிரிவே கூட்டாளியின் முதலுக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் வரையிலான வட்டியைச் செலவாகக் கழிக்க இடம் கொடுத்தது. கடை வீதிக்குத் தெரிந்த இந்தக் கணக்கு, அதே கடைக்காரர் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் பங்கை வாங்கும்போது மறந்துபோகிறது. அங்கே வங்கிக் கடனுக்கான வட்டி மட்டும்தான் லாப நட்டக் கணக்கில் கழிகிறது. பங்குதாரர் போட்ட முதல் ஓசிக்கு வந்ததுபோல் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது.

அந்த மறதியின் விலையைப் பார்க்க ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். இரண்டு கற்பனை நிறுவனங்கள், இரண்டுக்கும் வரி போக லாபம் 100 கோடி, பங்குகளின் எண்ணிக்கையும் ஒன்றே. பங்கு ஒன்றுக்கான லாபத்தை மட்டும் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். முதல் நிறுவனத்தில் பங்குதாரர்கள் 400 கோடி போட்டிருக்கிறார்கள், இரண்டாவதில் 1,250 கோடி. நூற்றுக்கு 12 என்று வட்டி போட்டால் முதல் நிறுவனத்தில் 48 கோடி கழிந்து 52 கோடி மிஞ்சுகிறது. இரண்டாவதிலோ 150 கோடி கழிய வேண்டும், இருப்பதே 100. ஊரறிய லாபத்தில் நடக்கும் அந்த நிறுவனம், கூட்டுக் கடையின் கணக்குப்படி 50 கோடி நட்டத்தில் ஓடுகிறது. வளர்ச்சி என்ற சொல்லுக்கும் இதே கதிதான். 100 கோடி லாபத்தில் ஒரு காசுகூட டிவிடெண்ட் கொடுக்காமல் முழுவதையும் 7 சதவீத வங்கி வைப்பில் போட்டுவிட்டு நிர்வாகம் ஓராண்டு தூங்கட்டும். வட்டிக்கு வரி கட்டிய பிறகும் 5 கோடிக்குச் சற்று மேல் சேரும், மறு ஆண்டு பங்கு ஒன்றுக்கான லாபம் 5 சதவீதம் உயர்ந்திருக்கும். ஒரு துரும்பை அசைக்காமலே ‘தொடர் வளர்ச்சி’ என்று அறிக்கையில் எழுதிவிடலாம். பைபேக் செய்தால் எண் இன்னும் வேகமாக உயரும், ஏனென்றால் வகுக்கும் எண் குறைகிறது. 2017இல் டிசிஎஸ் 16,000 கோடி ரூபாய்க்குத் தன் பங்குகளைத் திரும்ப வாங்கியது. தேவைக்கு மிஞ்சிய பணத்தை உரியவரிடம் திருப்பியது என்ற வகையில் அது நல்ல முடிவு. ஆனால் அதனால் பங்கு ஒன்றுக்கான லாபம் கூடுவதற்கும் கம்பெனி கூடுதலாகச் சம்பாதித்ததற்கும் சம்பந்தமில்லை.

ஈபிட்டாவை இவ்வளவு பொறுமையாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. வட்டி, வரி, தேய்மானம் எல்லாவற்றையும் கழிப்பதற்கு முந்தைய லாபம் அது. இயந்திரமும் கட்டடமும் குறைவான தொழிலில் அதற்கு ஓரளவு பொருள் உண்டு. சிமென்ட் ஆலைக்கும் விமான நிறுவனத்துக்கும் தொலைத்தொடர்புக்கும் தேய்மானம் என்பது ஏட்டுச் செலவல்ல. தேய்ந்த இயந்திரத்துக்குப் பதில் புதிது வாங்கித்தான் ஆக வேண்டும். 2019 ஏப்ரல் 1 முதல் இந்திய நிறுவனங்களுக்கு வந்த குத்தகைக் கணக்குத் தரம், இண்ட் ஏஎஸ் 116, இந்த எண்ணின் குணத்தை அப்பட்டமாகக் காட்டியது. அதுவரை கடை வாடகை அன்றாடச் செலவாகக் கழிந்துவந்தது. அதன் பிறகு நீண்டகால வாடகை, தேய்மானமாகவும் வட்டியாகவும் உருமாறி ஈபிட்டாவுக்குக் கீழே போய்விட்டது. வாடகைக்கு முன் 30 ரூபாய் மிஞ்சி, 10 ரூபாய் வாடகை கட்டும் துணிக்கடைச் சங்கிலிக்கு மார்ச் 31 வரை ஈபிட்டா 20. மறுநாள் காலையில் 30. கட்டட உரிமையாளர் ஒரு பைசா குறைக்கவில்லை, ஒரு சட்டை கூடுதலாக விற்கவில்லை. விதி மாறியபோதே இப்படி என்றால், வேண்டுமென்றே மாற்றுபவர்கள் கையில் என்னவாகும்? அமெரிக்காவின் வேர்ல்டுகாம் 2002 ஜூனில் ஒப்புக்கொண்ட முறைகேட்டின் சாரமே இதுதான். மற்ற நிறுவனங்களின் தொலைபேசி இணைப்பைப் பயன்படுத்தியதற்குக் கட்டிய கட்டணத்தில் 380 கோடி டாலரைச் செலவில் எழுதாமல் சொத்தில் எழுதியிருந்தார்கள். அப்படி எழுதினால் நிகர லாபத்தையாவது தேய்மானம் கொஞ்சம் கடிக்கும், ஈபிட்டாவை ஒன்றும் தொடாது. இப்போது சில புதுயுக நிறுவனங்கள் ஊழியர்களுக்குப் பங்காகக் கொடுத்த சம்பளத்தையும் ஒதுக்கிவிட்டு, ‘திருத்திய ஈபிட்டா’ என்று ஒன்றை வெளியிடுகின்றன. ஊழியருக்குக் கொடுத்தது செலவில்லை என்றால் அது யாருக்கு வந்த வரவு என்று கேட்கத் தோன்றுகிறது.

முதலை உள்ளே சேர்க்காத அளவுகோல் எவ்வளவு பெரிய சங்கதியைத் தவறவிடும் என்பதற்கு இந்தியத் தொழில் வரலாற்றில் டாடா ஸ்டீல் கோரஸை வாங்கிய கதையைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. ஆங்கிலோ டச்சு எஃகு நிறுவனமான கோரஸ், உற்பத்தியில் டாடா ஸ்டீலைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு பெரியது. 2006 அக்டோபரில் டாடா முதலில் கேட்ட விலை பங்குக்கு 455 பென்ஸ். பிரேசிலின் சிஎஸ்என் போட்டிக்கு வந்தது, விலை ஏறியது. 2007 ஜனவரி கடைசியில் நடந்த ஏலத்தில் சிஎஸ்என் 603 பென்ஸில் நிற்க, டாடா 608இல் முடித்தது. மொத்தம் சுமார் 620 கோடி பவுண்ட், பெரும்பகுதி கடன். அடுத்த ஆண்டு ஒருங்கிணைந்த விற்றுமுதல் ஏறத்தாழ 25,000 கோடி ரூபாயிலிருந்து 1,31,000 கோடிக்குத் தாவியது. விற்றுமுதலைப் பார்த்தவர்களுக்கும் ஈபிட்டாவைப் பார்த்தவர்களுக்கும் திருவிழா. ஆனால் 455க்கும் 608க்கும் நடுவே கோரஸின் உலைகளில் என்ன மாறியது? உலையும் ஆளும் டன் கணக்கும் அதேதான். கோரஸின் ஈபிட்டா இரண்டு விலையிலும் ஒன்றேதான். 300 பென்ஸுக்கு வாங்கியிருந்தாலும் 900க்கு வாங்கியிருந்தாலும் அந்த எண் அசைந்திருக்காது. விலை ஏறியதைக் காட்டக்கூடியது முதலைக் கீழே வைத்து வகுக்கும் அளவுகோல் மட்டுமே. பங்குக்காகக் கொடுத்த விலையை மட்டும் எடுத்துக்கொண்டால், 455இல் நூற்றுக்கு 10 தரும் தொழில் 608இல் நூற்றுக்கு ஏழரைதான் தரும். ஏலம் முடிந்த அன்று இரவே இந்த வகுத்தலைச் செய்து பார்த்திருக்கலாம்.

‘2008 நெருக்கடி வரும், ஐரோப்பாவில் எஃகுத் தேவை சரியும் என்று யார் கண்டார்கள், பின்னால் நின்று பேசுவது சுலபம்’ என்பீர்கள். நியாயமான மறுப்பு. 2013 மே மாதம் பெரும்பாலும் ஐரோப்பியத் தொழிலின் பேரில் சுமார் 160 கோடி டாலரை டாடா ஸ்டீல் ஏட்டு மதிப்பிலிருந்து வெட்டியது. 2024 செப்டம்பர் 30 அன்று வேல்ஸின் போர்ட் டால்பட்டில் கடைசி ஊதுலை அணைந்தது. இவற்றை யாரும் ஏலத்தன்று எழுதிவைத்திருக்க முடியாது, அந்த நிர்வாகத்தைக் குற்றம் சாட்டுவது என் நோக்கமும் இல்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான். தொழில் நன்றாக நடக்கும் என்றே வைத்துக்கொண்டாலும், கேட்ட விலைக்கும் கொடுத்த விலைக்கும் நடுவே மூன்றில் ஒரு பங்கு ஏற்றம் இருந்தது. தவறு நேர்ந்தால் தாங்குவதற்கான இடத்தை அந்த ஏற்றம் ஏற்கெனவே தின்றுவிட்டது. அது கெட்ட காலம் கொண்டுவந்ததல்ல, ஏல மேடையிலேயே நடந்தது.

அப்படியானால் பங்குமுதல் மீதான வருவாய், அதாவது ஆர்ஓஇ, பார்த்தால் போதுமே என்று உங்களில் விவரம் தெரிந்தவர்கள் சொல்வீர்கள். முதலைக் கீழே வைத்து வகுக்கிறது, உண்மைதான். ஆனால் சொந்த முதலை மட்டும் வகுக்கிறது, அதுதான் வம்பு. 100 கோடி போட்ட தொழில் 12 கோடி சம்பாதிக்கிறது. முழுக்கச் சொந்தப் பணம் என்றால் ஆர்ஓஇ 12 சதவீதம். பாதியை 8 சதவீதக் கடனாக வாங்கிப் போட்டால் 4 கோடி வட்டி போக 8 கோடி, சொந்த முதல் 50 கோடி, ஆர்ஓஇ 16 சதவீதம். இயந்திரம் கூடுதலாக ஒரு சுற்றுச் சுற்றவில்லை. தொழில் மந்தமாகி 6 கோடிதான் வந்தது என்றால் கடனில்லாதவருக்கு 6 சதவீதம், கடன்காரருக்கு 4. வரியைக் கணக்கில் சேர்க்காமல் சொல்கிறேன், சேர்த்தாலும் போக்கு இதுவே. ஆகவே கடனையும் சொந்தத்தையும் சேர்த்து வகுக்கும் ஆர்ஓசிஇ மேல். அதிலும் ஒரு பொடி இருக்கிறது. கோவைப் பக்கத்து நூற்பாலைகள் இரண்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் இருபது வருடத்துக்கு முந்தைய ரிங் ஃபிரேம்கள், தேய்மானம் எழுதி எழுதி ஏட்டில் அவற்றின் மதிப்பு கிட்டத்தட்டப் பழைய இரும்பு விலைக்கு வந்துவிட்டது. மற்றது போன வருடம் புது இயந்திரம் இறக்கியிருக்கிறது. முன்னதன் ஆர்ஓசிஇ பளபளக்கும், பின்னது சோர்ந்து தெரியும். ஐந்து வருடம் கழித்து நூலின் தரத்திலும் மின்கட்டணத்திலும் எது நிற்கும் என்பது வேறு கதை. விகிதம் ஏறுவது திறமையாலா, வகுக்கும் எண் தேய்ந்துபோனதாலா என்று சொத்துப் பட்டியலைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

முதலுக்கு வட்டி கழித்த பிறகு மிஞ்சுவதை நேரடியாக ரூபாயில் சொல்லும் அளவுகோலுக்கு ஈவிஏ என்று பெயர் வைத்து, 1990களில் ஸ்டெர்ன் ஸ்டீவர்ட் என்ற அமெரிக்க ஆலோசனை நிறுவனம் பரப்பியது. கருத்து பழையது. ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இலேயே, முதலுக்கு வழக்கமான வட்டியைக் கழித்த பிறகு மிஞ்சுவதைத்தான் தொழில் நடத்துபவரின் சம்பாத்தியமாகக் கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறார். இந்தியாவில் இன்ஃபோசிஸும் ஹிந்துஸ்தான் யூனிலீவரும் இந்தக் கணக்கைப் பல ஆண்டுகள் தங்கள் ஆண்டறிக்கையில் அச்சிட்டன. இதன் மேல் இரண்டு கனமான மறுப்புகள் உண்டு. ஒன்று, வட்டி விகிதம் எத்தனை என்று யார் முடிவு செய்வது? 10 என்றால் லாபம், 13 என்றால் நட்டம் என்று வந்தால் அது அளவுகோலா, ரப்பர் பட்டையா? விகிதம் ஊகம்தான், மறுக்கவில்லை. ஆனால் பங்கு ஒன்றுக்கான லாபமும் ஒரு விகிதத்தை ஊகித்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்த விகிதம் பூஜ்யம். 10க்கும் 13க்கும் நடுவே சண்டை போடலாம், பூஜ்யம் என்பதற்கு வாதாட யாரும் முன்வர மாட்டார்கள். இரண்டு முனையையும் போட்டுப் பார்த்து, இரண்டிலும் மிஞ்சினால் நிம்மதி, நடுவில் தொங்கினால் கவனம், அவ்வளவே.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூரானது. 1997இல் பிடில், போவன், வாலஸ் என்ற மூன்று கணக்கியல் ஆய்வாளர்கள், அமெரிக்க நிறுவனங்களின் பங்கு விலை அசைவோடு எந்த அளவுகோல் அதிகம் ஒட்டிப்போகிறது என்று சோதித்தார்கள். ஈவிஏ வெல்லவில்லை. பழைய சாதாரண லாபமே அதைவிட நன்றாக ஒட்டியது, தொழிலிலிருந்து வந்த ரொக்கம் கடைசியில் நின்றது. இந்த முடிவை மறைத்துவிட்டு ஈவிஏவைப் புகழ்பவர்களை நம்பாதீர்கள். ஆனால் அந்த ஆய்வு கேட்ட கேள்வி எது என்று பாருங்கள். குறிப்பிட்ட காலத்தில் விலை எதோடு சேர்ந்து அசைந்தது என்பது அது. சந்தையே லாபச் செய்தியைப் பார்த்துத்தான் வாங்கி விற்கிறது என்றால், லாபத்தோடு விலை ஒட்டிப்போவதில் என்ன வியப்பு? அதே ஆய்வில் முதலிடம் பெற்ற லாபம்கூட விலை அசைவில் பத்தில் ஒரு பங்கையும் முழுதாக விளக்கவில்லை. மீதி முழுவதும் இனி என்ன வரும் என்ற எதிர்பார்ப்பின் ஆட்டம். நாளைய விலையைப் பிடிக்க விரும்புகிறவருக்கு லாபச் செய்தி உதவலாம். பத்து வருடம் பங்கை வைத்திருக்கப் போகிறவர் கேட்பது வேறு கேள்வி.

சரி, சந்தை மதிப்பே கடைசி நீதிபதி என்று விட்டுவிடலாமா? சில சமயம் சந்தை கணக்குப்பிள்ளையைவிடக் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டிருக்கிறது. 2015க்கு முன்பே பல பொதுத்துறை வங்கிகளின் பங்குகள் புத்தக மதிப்புக்குக் கீழே விற்றன. ஏட்டில் 100 ரூபாய் என்று இருந்ததைச் சந்தை 60க்கும் 70க்கும் கேட்டபோது, மலிவு என்று வாங்கியவர்கள் ஏராளம். 2015இன் பிற்பகுதியில் ரிசர்வ் வங்கி சொத்துத் தர ஆய்வை நடத்தியபோது மூடி திறந்தது. 2018 மார்ச்சில் வங்கித்துறையின் மொத்த வாராக்கடன் 11 சதவீதத்தைத் தாண்டியது. புத்தக மதிப்பில் திரும்பாத கடனும் சொத்தாகவே உட்கார்ந்திருந்தது என்பதைப் பங்கு விலை முன்பே சொல்லிக்கொண்டிருந்தது. சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தில் கதை தலைகீழ். 2009 ஜனவரி 7 அன்று நிறுவனர் எழுதிய கடிதம், ஏட்டில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்கத்தில் 5,040 கோடி இல்லவே இல்லை என்றது. அதற்கு முந்தைய செப்டம்பர் காலாண்டில் 24 சதவீதம் என்று காட்டிய இயக்க லாப விகிதம் உண்மையில் 3 சதவீதம் என்றது. முந்தைய நாள் 179 ரூபாய்க்குப் பக்கத்தில் முடிந்த பங்கு அன்று 40க்குச் சரிந்தது. ‘லாபம் கருத்து, ரொக்கம் உண்மை’ என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இந்த வழக்கை ஒருமுறை படிக்க வேண்டும். அங்கே பொய்யாக இருந்தது ரொக்கமேதான், வைப்பு ரசீதுகளோடு. அத்தனை ரொக்கம் உண்மையாகவே இருந்திருந்தாலும், இத்தனை முதலைத் தொழிலிலும் போடாமல் உரியவருக்கும் திருப்பாமல் எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு பங்குதாரர் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் மோசடி வெளிப்பட்டிருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், கேட்பதற்கான காரணம் மட்டும் வெளிச்சத்திலேயே இருந்தது.

அமேசானை இழுக்காமல் இந்தப் பேச்சு முடிவதில்லை. 1997இல் சந்தைக்கு வந்தது, முதல் முழு ஆண்டு லாபத்தை 2003இல்தான் காட்டியது. வட்டி கழித்துப் பார்த்தால் வருடக்கணக்கில் நட்டம் என்றுதான் இந்த அளவுகோல் சொல்லியிருக்கும், இல்லையா? ஆம், சொல்லியிருக்கும். அங்கே ஏட்டுக் கணக்கின் குறை இருக்கிறது. மென்பொருளுக்கும் வாடிக்கையாளரைச் சேர்ப்பதற்கும் கொட்டிய பணம், உண்மையில் முதலாக இருந்தாலும், அந்தந்த ஆண்டே செலவாக எழுதப்பட்டது. ஆனால் அமேசான் விற்ற பொருளுக்குக் காசை வாடிக்கையாளரிடம் உடனே வாங்கிக்கொண்டு, சரக்குக் கொடுத்தவர்களுக்குப் பின்னால் கட்டியது. பிறர் முதலில் தொழில் ஓடியது. அந்த நிறுவனமே பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதங்களில் லாபத்தை விட்டுவிட்டு, பங்கு ஒன்றுக்கு மிஞ்சும் ரொக்கத்தை முன்னால் வைத்தது. முதலைப் பற்றிய அக்கறை அங்கே குறையவில்லை, ஏட்டைவிடக் கூடுதலாகவே இருந்தது. நட்டத்தில் ஓடும் ஒவ்வொரு நிறுவனமும் ‘நாங்களும் அமேசான்’ என்று சொல்லும்போது, வாடிக்கையாளர் பணம் எத்தனை நாளில் வருகிறது, சரக்குக்காரருக்கு எத்தனை நாளில் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச்சில் கணக்கு முடிக்கும் நிறுவனங்கள் செப்டம்பர் 30க்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்தியாக வேண்டும். அழைப்பும் ஆண்டறிக்கையும் குறைந்தது 21 நாள் முன்பே உங்கள் மின்னஞ்சலுக்கு வந்துவிடும். ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் கேள்வி கேட்கும் உரிமை உண்டு, பல கூட்டங்கள் இப்போது காணொலியில் நடப்பதால் பேருந்துச் செலவும் இல்லை. கூட்டத்துக்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி, கடந்த பத்து ஆண்டுகளில் நிறுவனம் சம்பாதித்த லாபத்தைக் கூட்டுங்கள். அதில் டிவிடெண்டாகவும் பைபேக்காகவும் திருப்பிக் கொடுத்ததைக் கழியுங்கள். மிஞ்சுவது உங்களைக் கேட்காமல் உங்கள் சார்பில் தொழிலில் திரும்பப் போட்ட முதல். புதிய பங்கு விற்றுத் திரட்டியது இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்தாண்டுக்கு முந்தைய லாபத்துக்கும் இப்போதைய லாபத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தத் தொகையால் வகுத்து, வந்த சதவீதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள். தலைவர் தன் உரையில் விற்றுமுதலையும் ஈபிட்டாவையும் வாசித்து முடித்த பிறகு உங்கள் முறை வரும். அப்போது, நாங்கள் விட்டுவைத்த இந்த முதலுக்கு இவ்வளவுதான் விளைந்திருக்கிறது, அடுத்த பத்தாண்டில் இது எந்தப் பக்கம் போகும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் நடவடிக்கைக் குறிப்பில் ஏறும்.

இப்படிக்கு,
உங்களைப் போல் சிறிதளவு பங்கு வைத்திருக்கும் ஒருவர்